காருக்குத் தைத்த சட்டை

எங்கள் வீட்டில் சட்டை போடாத சாமான் எதுவும் கிடையாது. டி.வி.க்கு ஒன்று, மிக்சிக்கு ஒன்று, காஸ் சிலிண்டருக்குக்கூடப் பூப்போட்ட பாவாடை. நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். சுரங்கத்திலிருந்து பறந்துவரும் அந்தக் கரித்தூசியோடு அம்மா ஓயாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு பழைய காரை வாங்கிவந்து குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தியதும், அதன் முகப்புக் கம்பிகளுக்கும் ஒரு சட்டை தயாராகிவிட்டது. கொசுவலையை நாலாக மடித்து, நாடா வைத்து, அத்தையின் மெஷினில் அம்மா தைத்தாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான்.

அத்தை அப்பாவின் தங்கை. புருஷன் வீடு சரிப்படாமல் அந்தத் தையல் மெஷினோடு எங்களிடம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு டம்ளர் காபி வேண்டுமென்றுகூட வாய்விட்டுக் கேட்க மாட்டாள்.

காருக்கோ வந்த நாளிலிருந்து காய்ச்சல். வடலூரைத் தாண்டினால் போதும், டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொடும். கூலன்ட் கொதித்து வழியும். அப்பா அனல்மின் நிலையத்தில் பாய்லர் பார்த்தவர். "மலையாட்டம் பாய்லரையே மேய்க்கிறேன், இந்தத் துக்கடா எஞ்சின் எனக்குத் தண்ணி காட்டுது" என்று பொருமுவார். ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இன்னொருவர் வாட்டர் பம்ப்பையே மாற்றினார். ஒர்க் ஷாப்பில் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் முள் நடுவில் சாதுவாக நிற்கும். நிற்காமல் என்ன செய்யும்? அடுத்தவர் கைக்குப் போகிற வண்டி அழுக்குச் சட்டையோடு போகக் கூடாதென்று அம்மா ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிடுவாளே! அப்பாவுக்கு யாராவது அகப்பட்டால் கடித்துக் குதறிவிடலாம் என்றிருந்தது.

அப்போதுதான் அத்தைக்குக் கடலூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை கிடைத்தது. பத்து மணிக்குள் வந்து சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸிலேயே போயிருக்கலாம். முதல் நாள் தன் தங்கை காரில்தான் போய் இறங்க வேண்டுமென்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். வழியனுப்ப அம்மாவும் நானும் கூடவே ஏறிக்கொண்டோம்.

குறிஞ்சிப்பாடியில் புகை கிளம்பியது. எல்லோரும் இறங்கினோம். "பிரஷர் இறங்காம ரேடியேட்டர் மூடியைத் தொட்டா மூஞ்சி வெந்துடும்" என்று அப்பா பானெட்டைத் தூக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தார். அத்தை கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். எதிரே இருந்த பஞ்சர் கடைக்காரர் கையைத் துடைத்தபடி வந்தார். எஞ்சினை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொசுவலையைத் தட்டினார். பொலபொலவென்று கரித்தூசி கொட்டியது.

"இன்னா சார், மூக்கைப் பொத்திக்கினு ஓடுன்னா வண்டி எப்டி ஓடும்? காத்து பூந்தாத்தானே ரேடியேட்டர் ஆறும்?"

உருவி அப்பா கையில் கொடுத்தார். அப்பாவின் காது சிவந்தது.

"யார் வேலை இது?"

என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் கை சில்லிட்டுப் போனது.

"நான்தாண்ணா தெச்சேன். தூசி படக் கூடாதுன்னு..." என்றாள் அத்தை.

நான் வாயைத் திறந்தேன். அத்தை என் தோளில் நறுக்கென்று கிள்ளினாள். வேலைக்குப் புறப்பட்ட தங்கையை நடுரோட்டில் என்னவென்று திட்டுவது? அப்பா வந்த வார்த்தையை மென்று விழுங்கினார்.

எஞ்சின் ஆறியதும் தண்ணீர் ஊற்றினார்கள். அதன்பிறகு முள் பாதியைத் தாண்டவே இல்லை. பத்தடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கையில் அத்தை கேட்டுக்குள் ஓடினாள்.

அந்தப் பஞ்சர் கடைக்காரர் நன்றாக இருக்கட்டும். அத்தையை நினைத்தால்தான் இப்போதும் என் நெஞ்சு நிறைகிறது. வேலை கைக்கு வருமா என்று தெரியாத அந்த நிமிஷத்தில், தனக்கிருந்த ஒரே நிழலான அண்ணனின் கோபத்தை அண்ணிக்காக வாங்கிக்கொள்ள முன்வந்தாளே!

அன்று எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? திரும்பும்போது பின்சீட்டில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் காதில் சொன்னேன்.

"அழாதம்மா. அத்தை பொய் சொல்லிட்டா. அதை நீதான் தெச்சேன்னு அப்பாகிட்ட நான் சொல்லிடறேன்."

அம்மா என்னை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டு இன்னும் அழுதாள். நியாயம் பேச வந்த என்னை ஏன் பேசவிட மாட்டேன் என்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.