அஞ்சலோட்டத்துக்கு வந்த இருவர்

அந்தச் சனிக்கிழமை பூங்காவுக்குப் போய் இறங்கியதுமே எனக்கு எரிச்சல்தான். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். அன்றைய வேலை முறையை மாற்றித் தரும்படி மேலாளரிடம் கெஞ்சி, முகம் சுளிக்க வைத்து, ட்ராமில் நின்றுகொண்டே வந்திருந்தேன். சுவிஸில் எங்கள் பாசல் நகரில் பனி விழுவது குறைவு. விழுந்தால் அரைகுறையாக உருகி, இரவில் இறுகி, மறுநாள் சேறும் ஐஸுமாகக் கிடக்கும். அந்தச் சேற்றில்தான் ஜனவரி மாதத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நெடுந்தூர அஞ்சலோட்டம் ஓட விடுகிறார்கள்.

மகளின் கிம்னாசியத்திலிருந்து, அதாவது மேல்நிலைப் பள்ளியிலிருந்து, நான்கு பெண்கள். ஒருத்தி ஆற்றோரமாகப் போய், காட்டுக்குள் சுற்றி, புல்வெளிக்குத் திரும்பி வந்து அடுத்தவளிடம் கோலைக் கொடுக்க வேண்டும். மகள் மூன்றாவது. கோல் மாற்றும் இடத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். அதை ஒட்டி நல்ல இடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினால், என் பக்கத்தில் அந்த ஆள் நிற்கிறார்.

அந்த ஆள் என்றால் மகளின் தகப்பன். நாங்கள் பிரிந்து நாலைந்து வருடம் ஆகிவிட்டது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மகள் அவரிடம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள். மற்றபடி கோயிலில் கண்டால்கூட நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

கையில் போன். வீடியோ அழைப்பில் கனடாவிலிருக்கும் அவருடைய அக்கா, எனக்கு மச்சாள். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். மச்சாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வடிவாப் பாருங்கோ. இப்ப என்ர மகள் ஓடப்போறாள். எங்கட குடும்பத்தில எல்லாரும் ஓட்டக்காரர்தானே."

மகள் முதன்முதலாக ஓட்டச் சப்பாத்து வாங்கிய அன்று, பெண்பிள்ளை கால் தெரிய ஓடக்கூடாது என்று அதைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டி வெளியே வைத்தவர் இதே மனிதர்தான். பிள்ளை படியிறங்கிப் போய், பையைக் கிழித்து, மீன் செதில் ஒட்டியிருந்த சப்பாத்தை எடுத்து வந்து குளியலறையில் கழுவினாள். இப்போது 'என்ர மகள்'.

போனுக்குள்ளிருந்து மச்சாள் கேட்டாள்: "தாயும் வந்து நிக்கிறாவோ?"

"ஓம் ஓம், நிக்கிறா" என்று சொல்லிப் போனை என் பக்கம் திருப்பினார்.

"அந்தப் போனை அங்கால பிடியுங்கோ" என்றேன்.

"ஏன், பாத்தா தேய்ஞ்சிடுவீரோ?"

"சப்பாத்தைக் குப்பையில போட்ட கதையையும் அக்காவுக்குச் சொல்லுங்கோவன். அதையும் கேக்கட்டும்."

"பழசைக் கிண்டாதையும். பிள்ளையை என்னிட்டயிருந்து பிரிச்சது நீர்தான். இண்டைக்கு ஓட்டம் எண்டுகூட நீர் சொல்லேல்லை. அவள்தான் சொன்னவள்."

அது எனக்குப் புதிது. மகள் இருவரையும் கூப்பிட்டிருக்கிறாள். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சுவிஸ் பெற்றோர் எங்களைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த சூப்புக் கோப்பையோடு இரண்டடி தள்ளிப் போனார்கள். விளையாட்டு ஆசிரியை வந்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல ஜெர்மனில் மெதுவாக, இருவரில் ஒருவர் மறுபக்கம் போய் நிற்கும்படி கேட்டாள். நான் அசையவில்லை. அவரும் அசையவில்லை.

இரண்டாவது பெண் மூச்சிரைக்க வந்து கோலைக் கொடுத்தாள். மகள் பாய்ந்து போனாள். அவர்களுடைய அணி அப்போது மூன்றாவது இடம். அவள் காட்டுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். கால் விரல் மரத்துப்போனது. மச்சாள் போனுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மரங்களுக்கிடையிலிருந்து மகள் வெளியே வந்தபோது அவளுக்கு முன்னால் ஒரேயொரு பெண்தான். கத்துவதற்கு வாய் திறந்தேன். அதற்குள் அந்த ஆள் நாடாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே காலை வைத்துவிட்டார். படம் கிட்டத்தில் விழ வேண்டுமாம்.

"வெளியில வா!" என்று அவருடைய ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தேன். கட்டிய நாளிலிருந்து ஒருநாளும் அவரை 'நீ' என்றதில்லை. அவர் கையை உதறினார். நான் விடவில்லை. ஐஸில் சறுக்கி, நாடாவையும் அறுத்துக்கொண்டு, இருவரும் ஓடும் பாதையில் போய் விழுந்தோம்.

மகள் எங்களை விலத்தி ஓடப் பார்த்தாள். கால் வழுக்கி ஒரு கையை ஊன்றினாள். கோல் எகிறிச் சேற்றுக்குள் போனது. அவள் அதைத் தேடி எடுத்துக் கடைசிப் பெண்ணிடம் கொடுப்பதற்குள் மூன்று அணிகள் கடந்துவிட்டன.

கொடுத்துவிட்டு நேரே எங்களிடம் வந்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. நான் கைக்குட்டையை நீட்டினேன். வாங்கவில்லை.

"இவதான் என்னைப் பிடிச்சு இழுத்தவ" என்றார் தகப்பன்.

"நீங்கள் உள்ளுக்குப் போகாட்டி நான் ஏன் இழுக்கப்போறன்?" என்றேன்.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் வீட்ட போங்கோ" என்றாள். பிறகு போனை எட்டிப் பறித்து, "மாமி, நீங்களும்தான்" என்று சொல்லி அழைப்பை வெட்டி, அதைத் தகப்பனின் நெஞ்சில் அழுத்திக் கொடுத்துவிட்டுத் தோழிகளிடம் போனாள்.

ட்ராம் தரிப்பிடத்தில் அவர் ஒரு முனையில், நான் மறு முனையில் நின்றோம். வந்த ட்ராமில் அவர் ஏறினார். நான் ஏறவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் தொடர்ந்து ஓடினாள். எப்போது, எங்கே என்று எங்கள் இருவருக்குமே சொல்லவில்லை. சேறு பிடித்த உடுப்பு கூடையில் கிடந்தால்தான் எனக்குத் தெரியும். இப்பவும் சொல்வேன், பிழை அந்த ஆளில்தான். மகளிடமும் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள்.

மாசி மாதம் ஒருநாள் அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"அடுத்த ஓட்டம் எங்கை?"

"எனக்குத் தெரியாது."

"நீ மறைக்கிறாய்."

உண்மையில் எனக்குத் தெரியாதுதான். அதை அவருக்கு விளங்கப்படுத்தும் பொறுமை என்னிடம் இல்லை. போனை வைத்துவிட்டு, மகளின் உடுப்பை மெஷினில் போட்டேன்.