சிம்பாங் அம்பாட் எல்லையில் ஒரு குழந்தையின் கல்

போன அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை நான் மலாக்கா மாநிலத்தில் இருக்கும் சிம்பாங் அம்பாட் போனது சுற்றிப் பார்க்க அல்ல. பெரியம்மாவுக்கு நில அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. நான் படித்தது உணவு அறிவியல். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என்பதால், யார் வீட்டுக்கு மலாயில் கடிதம் வந்தாலும் அது படமாக என் கைப்பேசிக்கு வந்துவிடும். இந்தக் கடிதத்தையும் படித்துப் பெரியம்மாவுக்குச் சொன்னேன். "நீ ஒரு நடை வந்துட்டுப் போ" என்றார்.

அங்கே மூடப்பட்ட பழைய ரப்பர் தோட்டத்தில் சொந்தக்காரர்களைப் புதைத்தவர்கள் பலர் இன்று கிள்ளானிலும் ஜொகூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே கடிதம் வந்திருக்கும். அவர்களுக்காகத்தான் வழியையும் நடந்ததையும் எழுதுகிறேன்.

செரம்பானில் காலை 6.50க்கு கொமுட்டர் ரயில் ஏறினேன். முக்கால் மணி நேரம், ஐந்து ரிங்கிட் இருபது சென். இறங்கிய நிலையத்தின் பெயரிலேயே இரண்டு ஊர்கள் உண்டு. புலாவ் செபாங் மலாக்காவில், தம்பின் நெகிரி செம்பிலானில். நாசி லெமாக் வாங்க நாலு கடை தள்ளிப் போனால் மாநிலம் மாறிவிடும். யாரும் கவனிப்பதில்லை. அங்கிருந்து கிராப் வாடகைக் காரில் பதினான்கு கிலோமீட்டர், பத்தொன்பது ரிங்கிட். ஓட்டுநர் ஒரு மலாய்க்காரர். செம்பனைக் காட்டுக்குள் தனியாக எதற்குப் போகிறாய் என்று கேட்டார். குபூர், கல்லறை, என்றேன். வானொலியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்.  

தோட்டம் மூடப்பட்டபோது பாதிக் குடும்பங்கள் சிம்பாங் அம்பாட் பக்கம் மலிவு விலை வீடுகளுக்கு வந்தன. மீதிப் பேர் எல்லைக்கு அப்பால், நெகிரி செம்பிலானில் இருக்கும் ரெம்பாவுக்குப் போனார்கள். கல்லறைத் தோட்டம் மட்டும் பொதுவாகவே இருந்தது. இப்போது இரண்டு மாநிலங்களும் எல்லையை மறுபடி அளந்திருக்கின்றன. இந்த இடத்தில் இருக்க வேண்டிய பழைய எல்லைக்கல்லைக் காணோம். அதனால் முன்னால் இருக்கும் கல்லுக்கும் பின்னால் இருக்கும் கல்லுக்கும் நேராகக் கோடு இழுத்துவிட்டார்கள். கோடு கல்லறைகளுக்கு நடுவே போகிறது. அந்தப் பக்கத்து நிலம், நெகிரி செம்பிலான் பகுதி, மயானமாகப் பதிவாகியிருப்பதால் அங்கே இருப்பவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். இந்தப் பக்கத்து மலாக்கா நிலம் அப்படிப் பதிவாகவில்லை, வீடு கட்ட விற்றாகிவிட்டது. இந்தப் பக்கம் இருக்கும் இருபத்தாறு பேரையும் தோண்டி அலோர் காஜா பக்கம் கொண்டு போக வேண்டும் என்பதுதான் கடிதம்.

இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு மனு கொடுப்பதாக முதலில் பேச்சு இருந்ததாம். ரெம்பாவ்காரர்கள் விலகிக்கொண்டார்கள். உங்களுக்காகப் பேசப்போய் எங்கள் இடத்தையும் கேள்வி கேட்டுவிட்டால் என்ன செய்வது என்றார்களாம். ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அதிலிருந்து பேசிக்கொள்வதில்லை.

நான் போன நேரம் இரண்டு தரப்பும் அங்கே இருந்தன. நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய சனிக்கிழமை புல் வெட்டிச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் வழக்கம். புதிய கோட்டில் அடித்திருந்த சிவப்பு முளைகளுக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர், எல்லோரும் குனிந்தபடியே வேலை செய்தார்கள். பெரியப்பாவின் கல்லறை அந்தப் பக்கம். அவருடைய கால்மாட்டில், நான்கு எட்டு தள்ளி, இந்தப் பக்கம் ஸ்டெல்லா. பெரியம்மாவின் முதல் குழந்தை, பதினோரு நாள் இருந்தாள். சிலுவை கிடையாது, முழங்கால் உயரத்தில் ஒரு கல் மட்டும். பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். மகளை அப்பாவிடமிருந்து பிரிக்காமல் இருக்க வழி உண்டா?

பழைய சுண்ணாம்பு தடிமனாக உரிந்திருந்ததால் கல்லைச் சுரண்டச் சொன்னார். சுரண்டினேன். உள்ளே எழுத்து தெரிந்தது. இரண்டு ஆங்கில எழுத்துகள், கீழே ஓர் எண். கடிதத்தோடு வந்த வரைபடத்தில் 'காணவில்லை' என்று குறித்திருந்த கல்லின் எண்ணும் அதுதான். இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

பெரியம்மாவிடம் கேட்டேன்.

"ஒங்க பெரியப்பாதான் கொண்டாந்தாரு. சிமெண்ட்டுச் சிலுவ வாங்க அப்ப வசதி ஏதும்மா? பால்மரம் வெட்டப் போறப்ப கீழ கால்வாய் ஓரமா சாஞ்சு கெடந்துச்சாம். எழுத்து பொறிச்ச கல்லுன்னா கல்லறைக் கல்லாத்தான் இருக்கும்னு நெனச்சாரு. அவரு பாத்ததெல்லாம் தொரமாரு கல்லறைதானே."

கால்வாய் கல்லறைத் தோட்டத்துக்கும் கீழே, மலாக்கா பக்கத்தில் இருக்கிறது. கல் அங்கே நின்றிருந்தால் கோடு அங்கே வளைந்திருக்கும். மொத்தக் கல்லறைத் தோட்டமும் அந்தப் பக்கம் போயிருக்கும். இருபத்தாறு பேரும் தப்பிவிடுவார்கள் என்று எனக்குப் பட்டது. கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூடத் தயங்கும் நான், பதினொரு மணிக்குக் கல்லறைகளை எண்ண வந்த நில அளவை அதிகாரியிடம் நேராகப் போய்க் கல்லைக் காட்டினேன். பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதிகாரி கல்லருகே குந்தி வெகுநேரம் பார்த்தார். பிறகு மலாயில் நிதானமாகச் சொன்னார். இடம் மாறிய கல் சாட்சி ஆகாது. ஆனால் அது முன்பு நின்ற இடத்தைப் பார்த்தவர், குடும்பத்தில் இல்லாத ஒருவர், எழுதிக் கையெழுத்துப் போட்டால் மறுபடி அளக்கச் சொல்லி மேலே அனுப்பலாம்.

பெரியம்மா முளைகளுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். ரெம்பாவ் தரப்புக்குத் தலைவர் சவரி மாமா, பெரியப்பாவோடு வேலை செய்தவர். தூரிகையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"சவரி, நீயுந்தானே அந்தக் கல்ல ஏத்துன சைக்கிளப் பின்னால தள்ளிக்கிட்டு வந்த?"

"அத எதுக்கு அண்ணி இப்பக் கெளப்புறீங்க? சும்மா கெடக்கட்டும்லா."

"இந்தப் புள்ள கேக்குறா. ஒரு கையெழுத்துதானாம்."

சவரி மாமா கோடு வரை வந்தார். தாண்டவில்லை. மறுபடி அளந்து முடிக்கும் வரை தங்கள் பக்கத்து மயானப் பதிவு என்ன ஆகும் என்று அதிகாரியிடம் கேட்டார். அது நிறுத்தி வைக்கப்படலாம் என்று அதிகாரி மறைக்காமல் சொன்னார்.

"எங்க அம்மாவும் தம்பியும் இங்க கெடக்குறாங்க அண்ணி. என்னால முடியாது." அதிகாரியிடம் மலாயில், தனக்கு ஞாபகம் இல்லை என்றார்.

பெரியம்மா அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். "சரி, போய்ச் சுண்ணாம்ப அடி. வெயில் ஏறுது" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லைக்கல் அரசாங்கச் சொத்து, கண்ணில் பட்ட பிறகு அதை விட்டுப் போக முடியாது என்றார் அதிகாரி. பெரியம்மாவை மாச்சிக், அதாவது அத்தை, என்று அழைத்து மன்னிப்புக் கேட்டார். அவரோடு வந்த இரண்டு பேர் கடப்பாரையால் நெம்பி, கல்லை வண்டியில் ஏற்றினார்கள். பாதிச் சுண்ணாம்போடு அது போயிற்று. பெரியம்மா ஸ்டெல்லாவை அலோர் காஜாவுக்கு மாற்றும் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். வயது என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அதிகாரி கேட்க, 'பதினோரு நாள்' என்று நான்தான் எழுதினேன்.

நான் பேசாமல் இருந்திருந்தால் அந்தக் கல்லாவது அவளோடு போயிருக்கும். திரும்பும் ரயிலில் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன், இப்போதும் நினைக்கிறேன். சவரி மாமா மேல் கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை. அவர் தன் அம்மாவுக்காகப் பயந்தார். நாங்கள் எங்கள் பிள்ளைக்காகப் பயந்தோம். இருவருக்கும் நடுவே கோடு இழுத்தவர்களுக்கு இவர்களில் ஒருவரையும் தெரியாது.

போகிறவர்களுக்கு: மாற்றும் வேலை பிப்ரவரியில் தொடங்கும் என்கிறார்கள். அதற்குள் போய்விடுங்கள். அடையாள அட்டையின் நகலும், இருந்தால் இறப்புச் சான்றிதழும் வேண்டும். பிரதான சாலையிலிருந்து எழுநூறு மீட்டர் மண் பாதை, மழை பெய்தால் கார் போகாது. திரும்பி வர கிராப் கிடைப்பது கஷ்டம், வரும்போதே ஓட்டுநரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கால்வாய் ஓரத்தில் அந்தக் கல் நின்றதைப் பார்த்தவர் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். பாரத்தை நானே நிரப்பித் தருகிறேன்.

மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறவர்கள் பால் டின் ஒன்றில் மணல் நிரப்பிக் கொண்டு போங்கள். கல்லறைத் திருநாளன்று நாங்கள் கொண்டு போகவில்லை. கல் இருந்த குழியில் மழைத் தண்ணீர் நின்றதால் ஸ்டெல்லாவுக்கு மெழுகுவர்த்தியை ஊன்ற முடியவில்லை. பெரியம்மா அது எரிந்து முடியும் வரை கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.