டியூட்டியில் குடிக்கக் கூடாத தண்ணீர்

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. குடிநீர் வாரியத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீரைச் சோதிக்கிறவருக்குத் தெருக்காரர்கள் ‘குளோரின் சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார். காலையில் தோளில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு, தெருவுக்கு ஒரு வீடு என்று குறித்து வைத்த வீடுகளுக்குப் போவார். குழாயை இரண்டு நிமிஷம் திறந்து விடுவார். ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்திக் குழாயின் வாயைச் சுட்டுவிட்டு, ஆய்வகத்துக்கு ஒரு புட்டி பிடிப்பார். பிறகு விரல் நீளக் கண்ணாடிக் குழலில் கொஞ்சம் தண்ணீர், அதில் மூன்று சொட்டு மருந்து. மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது, பயமில்லை. ‘குடிக்க உகந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டுவார்.

இப்படி ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட மனிதர் வீட்டில் குடித்தது கேன் தண்ணீர்.

மனைவி பிடிவாதம் பிடித்தாள் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஆரம்பித்தது அவரேதான். மகளுக்கு மூன்று வயதில் வயிற்றுப்போக்கு வந்து, பிள்ளை துவண்டு போயிற்று. எதனால் வந்தது என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. அதே வாரம் ஒரு தெருவில் குழாய் உடைந்து சாக்கடை கலந்து, குழலில் துளி மஞ்சள்கூட வராமல் நின்றதை அவர் பார்த்திருந்தார். இரண்டே நாளில் அதைச் சரி செய்துவிட்டார்கள். ஆனால் அந்த வெறும் குழல் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதற்கப்புறம் ஆயிரக்கணக்கில் மஞ்சள் பார்த்தும் மனசு ஆறவில்லை.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், கேன் தண்ணீரை அவர் ஒரு நாள்கூடச் சோதித்ததில்லை. அது அவர் இலாகா இல்லை. சோதித்த தண்ணீரில் ஒரு தடவை குறை கண்டார். சோதிக்காத தண்ணீரில் குறையே காணவில்லை. ஆகவே அது சுத்தம் என்று முடிவு கட்டிவிட்டார். தினமும் தண்ணீரில் குறை தேடியே பழகியவருக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும். வீட்டுக் கேன் மாறிப் போகக் கூடாது என்று மகள் அதன் கழுத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். அந்தக் கேனிலிருந்துதான் அவருடைய எவர்சில்வர் பாட்டிலும் நிறைந்தது. எவர்சில்வரில் இருந்தால் உள்ளே இருப்பது எந்தத் தண்ணீர் என்று யாருக்குத் தெரியப் போகிறது?

புதன்கிழமைகளில் அவர் போகும் வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. ஒற்றை அறை. ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், சுவர் நெடுக ஜாக்கெட்டும் பள்ளிக்கூடச் சீருடையும். பின்பக்கம் குழாயடி. பதினைந்து வருஷமாக அவர் மருந்து விடும்போதெல்லாம் அந்தம்மா மெஷினை நிறுத்திவிட்டு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குழலையே பார்ப்பாள். மஞ்சள் வந்ததும், தன் பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி ஒரு சிரிப்பு. அதற்கப்புறம்தான் அன்றைக்குக் குடத்தில் தண்ணீர் பிடிப்பாள்.

முதல் புதன்கிழமையே அவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். “டியூட்டில குடிக்கக் கூடாதும்மா, ரூல்ஸ்” என்று சட்டென்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார். அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அப்புறம் டம்ளரை நீட்டியதே இல்லை.

சென்ற மாதம் அந்தத் தெருவில் கேன் தண்ணீர் நுழைந்தது. ஒரு வீடு வாங்க, அதைப் பார்த்துப் பக்கத்து வீடு வாங்க, முக்கால்வாசித் தெரு மாறிவிட்டது. தையல்காரம்மா மட்டும் அசையவில்லை. அவர் பார்த்துச் சொல்கிற தண்ணீருக்கு மேல் என்ன தண்ணீர் என்று எல்லோரோடும் மல்லுக்கு நின்றாள். கடைசியில், அவரையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவையே கூட்டிவிட்டாள்.

அவர் நன்றாகத்தான் பேசினார். எத்தனை தடவை சோதிக்கிறார்கள், எங்கெங்கே சோதிக்கிறார்கள் என்று புட்டுப் புட்டு வைத்தார். தலைகள் ஆடின. அப்போது ரிட்டயரான கண்டக்டர் ஒருவர், குதர்க்கமாக இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டார்:

“அதெல்லாம் சரி சார். உங்க வீட்ல என்ன தண்ணி குடிக்கிறீங்க?”

தையல்காரம்மா அவருக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவாள் போல முகம் மலர்ந்து நின்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் வாய் கூசாமல் சொன்னார்: “குழாத் தண்ணிதான். வேற என்ன?”

சொல்லி முடித்த பிறகுதான் கூட்டத்தின் பின்னால் தோளில் கேனோடு நின்றவனைப் பார்த்தார். அவர் வீட்டுக்கும் கேன் போடுகிற அதே ஆள். இரண்டு பேர் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. அவருக்கு முகத்தில் ஈ ஆடவில்லை. கேன்காரன் கேனைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கே ஆறு வீட்டில் அவனை நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் காலை வழக்கம்போல அவர் வீட்டு வாசலில் கேனை இறக்கி வைத்தான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மகளும் மனைவியும் நிற்கும்போதே நிதானமாகக் கேட்டான்.

“நேத்து நீங்க சொன்னத யார்கிட்டயும் மறுத்துப் பேசல சார். குழாத் தண்ணி நல்ல தண்ணிதான? எங்க வீட்லயும் அதத்தான் குடிக்கிறோம். இங்க மட்டும் வழக்கம்போல போடவா?”

மகள் அப்பா முகத்தைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள். கேட்காமலே விஷயம் புரிந்துவிட்டது. அவர் கூனிக் குறுகிப் போனார். கேனை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவன் மறுபடி தோளில் ஏற்றியபோது அந்தச் சிவப்புப் புள்ளி அவர் கண்ணுக்கு நேராக வந்து போயிற்று.

புதன்கிழமை தையல்காரம்மா வீட்டில் ராஜ மரியாதை. தெருவே அவரைப் பற்றித்தான் பேசுகிறதாம். மஞ்சளும் நன்றாக வந்தது. அவர் பெட்டியை மூடிவிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

அந்தம்மா திகைத்துப் போனாள். டம்ளரைத் தேடவில்லை. ஓடிப் போய் முதலில் வாசல் கதவைச் சாத்தினாள், பிறகு ஜன்னலையும் சாத்திவிட்டு, குழாயில் ஒரு டம்ளர் பிடித்து வந்து நீட்டினாள்.

“யாராவது பார்த்து எழுதிப் போட்டா உங்க வேலைக்கு ஆபத்துண்ணே. இப்ப குடிங்க, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்.”

டம்ளர் அவர் கையில் இருந்தது. அவருடைய பொய்யைக் காப்பாற்ற அந்தம்மா பட்ட பாட்டைப் பார்த்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. குடித்தார். சில்லென்று, லேசாக மருந்து வாசனையோடு, நல்ல தண்ணீர். பதினைந்து வருஷமாகத் தான் கையெழுத்துப் போட்ட அந்தக் குழாயின் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

“கதவத் தொறந்துடும்மா,” என்றார். “அப்படி ஒரு ரூல்ஸே கிடையாது. எங்க வீட்ல இத்தன வருஷமா கேன் தண்ணிதான். திங்கக்கிழமைதான் நிறுத்தினேன். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னது பொய்.”

தண்ணீர் மேல் ஒரு குறையும் இல்லை, பயம் தன்னுடையது என்று ஏதேதோ விளக்கினார். அந்தம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. “சரிண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். போய் மெஷினில் உட்கார்ந்தாள். வெகுநேரம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை அவளால். தெருவில் யாரிடமும் அதைச் சொல்லவும் இல்லை.

அடுத்த புதன்கிழமை அவர் போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்து விட்டார், வாயைச் சுட்டார், புட்டி பிடித்தார். மூன்று சொட்டு விட்டதும் பழக்கத்தில் குழலை உயர்த்திக் காட்டினார். மெஷின் சத்தம் நிற்கவில்லை.

“நல்லா வந்திருக்கும்மா,” என்றார்.

“அப்படியாண்ணே,” என்றாள், திரும்பாமலே.

மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் ஒரு கேன் இருந்தது. அதன் கழுத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. அவர் பார்ப்பதைக் கவனித்தவள் காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

“தாகமா இருக்காண்ணே? இதுலேர்ந்து பிடிச்சுத் தரவா?”

குத்திக் காட்டவில்லை அவள். அவருக்குப் பிடித்தது இதுதானே என்றுதான் கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அவர் குழாயடிக்குப் போனார். குனிந்து இரண்டு கையாலும் பிடித்து, அவள் காதில் விழட்டும் என்று சத்தமாகவே குடித்தார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நோட்டை எடுத்து, ‘குடிக்க உகந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.