முத்துவின் மேல் ஏறிய அமாவாசை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். நான் படித்தது பத்தாவது. பேனா எடுத்தால் மளிகைச் சாமான் எழுதுவதோடு சரி. அதுகூடப் பரவாயில்லை. என் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் மதிலைப் பார்த்தபடி இருக்கிறது. அந்தத் தெருவில் இருந்துகொண்டு இப்படி ஒரு காரியம் செய்தேன் என்று நானே எழுதிக் கொடுப்பதா என்ற கூச்சம்தான் பெரிது. இப்போது எங்கள் குதிரை லாயத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள், "அக்கா, ஓப்பன் டே எப்படி நடத்துறது? நீங்க நடத்தினதைச் சொல்லுங்களேன்" என்று விடாமல் கேட்கிறார்கள். எங்கள் பெருமாள் வரதன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

1. முத்துவைக் கேட்டு வந்தவர்

லாயம் ஏனாத்தூர் தாண்டி வயல் நடுவில் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்த சுதா மேடம் ஆரம்பித்த ரைடிங் ஸ்கூல். கொள்ளு வேகவைப்பது, போன் எடுப்பது, கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு ஹெல்மெட் மாட்டிவிடுவது என் வேலை. குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர் கரீம் பாய், ஆற்காட்டுக்காரர்.

முத்து வெள்ளைக் குதிரை. இருப்பதிலேயே வயதானவன். ஓட்டம், தாண்டல் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் சின்னப் பிள்ளைகளை ஏற்றி நடத்த அவனைப் போல் ஒரு குதிரை கிடையாது. மேலே இருக்கும் பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தால் தானாக நின்றுவிடுவான். அந்த வருஷம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள், ஓடுகிற குதிரை கேட்பவர்கள். முத்துவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அப்போது கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் புரோக்கர் ஒருவர் வந்து அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வயசானா இன்னா மேடம்? ஜிகினா துணி போட்டு ஜோடிச்சிட்டா மாப்பிள்ளைக்குத் தெரியவா போவுது?"

கரீம் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புரோக்கர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "வெடிச் சத்தம்னா இவன் நடுங்குவான்மா. தார் ரோட்டுல, பேண்டு வாத்தியத்துக்கு நடுவுல நிக்க வெச்சா ஒரு சீசன் தாங்க மாட்டான்."

மேடம் கல்நெஞ்சுக்காரர் இல்லை. "கோமளாம்மா, சும்மா நிக்கிற குதிரைக்கு எவ்வளவு நாள் தீனி போடறது? ஒரு ஃபேமிலி ஓப்பன் டே வைப்போம், குடும்பத்தோட வந்து இலவசமா ஏறிப் பார்க்கட்டும். சின்னப் பிள்ளைங்க ஒரு பேட்ச் சேர்ந்தாங்கன்னா முத்து இங்கேயே இருப்பான். இல்லேன்னா அந்தப் புரோக்கருக்குக் கொடுத்துத்தான் ஆகணும்" என்றார்.

2. யாரும் வராத ஞாயிறு

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். இங்கிலீஷில் பெரிய பேனர், பலூன், ஜூஸ் கடை. பக்கத்துக் கல்லூரிக் குடியிருப்பிலிருந்து சில பேர் வந்து குதிரையோடு செல்ஃபி எடுத்துவிட்டுப் போனார்கள். காஞ்சிபுரத்துக்குள்ளிருந்து ஒரு குடும்பம் வரவில்லை.

"இந்த ஊருக்கு நம்மளைப் பிடிக்கலையா கோமளாம்மா?"

"பிடிக்காம இல்ல மேடம். இன்னைக்குத் தறி ஓடுது. ஞாயித்துக்கிழமையாவது ஒண்ணாவது, இங்க நெசவுக்காரங்களுக்கு அமாவாசைதான் லீவு. அன்னைக்குத் தறியில கை வெக்க மாட்டாங்க. குடும்பத்தோட வெளியில வர்றதுன்னா அன்னைக்குத்தான்."

"அமாவாசையில யாராவது விழா வைப்பாங்களா?" என்று மேடம் தயங்கினார். கரீம் பாய், "எங்களுக்கு வெள்ளிக்கிழமை, இவங்களுக்கு அமாவாசை. ஊருக்கு ஏத்த மாதிரி வைங்க மேடம்" என்றார்.

அடுத்த அமாவாசை கோடை விடுமுறைக்குள் வந்தது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று காலையிலேயே வைத்தோம். அன்று சாயங்காலம் டெம்போ எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். மேடமும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

3. ஆட்டோ மைக்

பேனரை நம்பவில்லை. ஜரிகைக் கடை, தறிக்குப் பாவு நூல் போடும் இடம், பூக்கடை எல்லாம் நானே நேரில் போய்ச் சொன்னேன். தேவராஜு என்பவரின் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாக அனுப்பினோம். "குழந்தைகள் குதிரை ஏறிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை" என்று அழகாக எழுதிக் கொடுத்திருந்தேன். தேவராஜு எப்போதும் அறிவிப்பது கோயில் திருவிழா. நான் பூ வாங்கிக்கொண்டு நிற்கும்போது அந்தக் குரல் கேட்டது.

"பக்தகோடிப் பெருமக்களே! அமாவாசையை முன்னிட்டு, ஏனாத்தூர் அருகே எழுந்தருளியிருக்கும் வெள்ளைக் குதிரையைக் குடும்பத்துடன் வந்து கண்டு களித்து அருள் பெற..."

ஓடிப்போய் ஆட்டோவை மறித்தேன். "டேய் தேவராஜு, நான் எழுதிக் குடுத்தது இன்னா, நீ சொல்லிக்கினு இருக்கிறது இன்னா?"

"நீ எழுதினதை ரெண்டு தெரு சொன்னேன்க்கா. ஒருத்தர் திரும்பிப் பாக்கல. இப்பப் பாரு, வாசல்ல வந்து நின்னு டைம் கேக்குறாங்க!"

அதற்குள் பாதி ஊருக்குச் சொல்லி முடித்துவிட்டார்.

4. வாசலில் குவிந்த செருப்பு

அமாவாசைக் காலையில் லாயத்து கேட்டைத் திறந்தால் கூட்டம். மேடம் சந்தோஷத்தில் கையைத் தட்டினார். பிறகுதான் பார்த்தோம். எல்லாரும் தலைக்குக் குளித்துவிட்டு, செருப்பை கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். குதிரை நிற்கும் இடத்தில் வெறுங்காலோடு நிற்கவே கூடாது. குளம்பு பட்டால் விரல் போய்விடும். ஒவ்வொரு குடும்பத்தையும் கெஞ்சித் திரும்ப அனுப்பிச் செருப்புப் போட வைத்தேன். "சாமி எதிர்ல செருப்பா?" என்று ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

அமாவாசைக்கு மாட்டுக்குக் கொடுக்கிற மாதிரி அகத்திக்கீரையும் வெல்லம் கலந்த அரிசியும் வாழைப்பழமும் வேறு. குதிரை வயிறு மாட்டு வயிறு மாதிரி இல்லை. கண்டதைத் தின்றால் அதற்கு வாந்தி எடுக்கக்கூட வராது. கோலிக் என்கிற வயிற்று வலி வந்து உயிரே போய்விடும். நான் ஒரு கூடையோடு முத்து முன்னால் நின்றுகொண்டேன். "இங்க குடுங்கம்மா, அவன் வேளைக்குச் சாப்பிடுவான்" என்று வாங்கி வாங்கிப் போட்டேன். வேண்டாம் என்றால் மனசு நோகும். வாங்கிக்கொண்டால் நோகாது. கரீம் பாய் இன்னொரு பக்கம் கற்பூரத்தை அணைத்துக்கொண்டே ஓடினார். "அம்மா, வைக்கோல் இருக்குது! நெருப்பு வேணாம்மா, கையெடுத்துக் கும்பிடுங்க, போதும்!"

எல்லாரும் கும்பிட்டார்கள். முத்து நெற்றியில் குங்குமம். கழுத்தில் மாலை. ஆனால் ஒரு பிள்ளையைக்கூட ஏற்றவில்லை. மேடம் மைக்கில் கூப்பிட்டுப் பார்த்தார். ஹெல்மெட்டுகள் மேஜை மேல் வரிசையாக அப்படியே இருந்தன.

சரோஜா என்கிற நெசவுக்காரப் பெண் தன் மகளோடு முன்வரிசையில் நின்றாள். அவளிடம் கேட்டேன்.

"ஏம்மா, பாப்பாவை ஏத்தலாமே?"

"இன்னாக்கா நீங்களே இப்படிக் கேக்குறீங்க? பிரம்மோற்சவத்துல பெருமாள் ஏறிக்கினு வர்ற குதிரை. அது மேல காலைப் போட்டு உக்காரலாமா? பாவம் இல்ல?"

அவளைக் குறை சொல்ல முடியாது. ஏனென்றால் அத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்தும் நானும் முத்து மேல் ஏறியதே இல்லை. தினமும் காலையில் அவன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அவ்வளவுதான்.

மேடம் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "போதும் கோமளாம்மா. வந்தாங்க, கும்பிட்டாங்க. சாயங்காலம் டெம்போ வந்துரும்" என்றார். கரீம் பாய் முத்துவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

5. மூன்று படிப் பலகை

நான் ரொம்ப யோசிக்கவில்லை. இத்தனை பேரும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம், இவன் வெடிச் சத்தத்துக்கும் பேண்டுக்கும் நடுவில் நடுங்கிக்கொண்டு நிற்பான். அதற்குப் பேர் மரியாதையா? இவன் மேல் காலைப் போடுவது பாவமென்றால் அந்தப் பாவம் என்னோடு போகட்டும் என்று தோன்றியது. கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன். ஏறுவதற்கு வைத்திருக்கும் மூன்று படிப் பலகையை இழுத்துப் போட்டேன். புடவையைச் செருகிக்கொண்டு ஹெல்மெட் மாட்டினேன்.

"கோமளாம்மா, இன்னா பண்றீங்க?" என்று பதறினார் கரீம் பாய்.

"பிடிச்சுக்கோங்க பாய். விழுந்துட்டா என் வீட்டுக்காரருக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"விழ மாட்டீங்க. மேலே இருக்கிற உங்க ஆளை நீங்க கூப்பிடுங்க, எங்க ஆளை நான் கூப்பிடுறேன். ரெண்டு பேர் பார்த்துக்கினா தாங்காதா?"

ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். முத்து ஒரு காது மட்டும் திருப்பி, மெல்ல நடக்க ஆரம்பித்தான். பயத்தில் நான் ஒரு பக்கம் சாய்ந்தேன். உடனே நின்றான். நான் நிமிர்ந்ததும் மறுபடி நடந்தான். அதைப் பார்த்து அந்தச் செருப்புப் பெரியவரே, "அடடே, தாங்குதுப்பா!" என்றார்.

ஒரு சுற்று முடிந்து இறங்கினேன். சரோஜாவிடம் போய், "இவனுக்கு வேலை இல்லேன்னா இன்னைக்குச் சாயங்காலம் கல்யாண ஊர்வலத்துக்குப் பிடிச்சிக்கினு போயிடுவாங்கம்மா. கும்பிட்ட கையால ஒரு உதவி பண்ணு" என்றேன்.

அவள் தன் மகளைப் பார்த்தாள். குதிரையைப் பார்த்தாள். "செருப்போடயே ஏறணுமாக்கா?" என்றாள்.

"ஷூ நான் தர்றேன்."

அந்தப் பாப்பா ஏறினாள். பிறகு அவள் சித்தப்பா பிள்ளைகள். பிறகு வரிசை கேட் வரைக்கும் போயிற்று. முத்துவுக்கு நடுநடுவே தண்ணீர் காட்டி ஓய்வு கொடுக்க வேண்டியதாயிற்று. போகும்போது பல பேர் பேட்ச்சுக்குப் பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் டெம்போ வந்தபோது மேடம் கேட்டைப் பாதிதான் திறந்தார். "குதிரை வேலையில இருக்குது சார்" என்றார்.

புதிதாக வந்திருக்கும் பெண்களே, ஓப்பன் டே வைத்தால் ஊரின் லீவு நாளில் வையுங்கள். தீனி கொண்டுவந்தால் கூடையில் வாங்குங்கள். கும்பிடுகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள்; நானும் அவர்களில் ஒருத்திதான்.

கடைசியாக ஒன்று. இப்போது எங்கள் தெருவில் இந்தக் கதை வேறு மாதிரி உலவுகிறது. நான் கையெடுத்துக் கும்பிட்டதும் முத்து மண்டியிட்டு என்னைத் தானே ஏற்றிக்கொண்டான் என்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. நான் பலகை மேல் ஏறித்தான் உட்கார்ந்தேன். கரீம் பாய்தான் பிடித்துக்கொண்டார். பெருமாள் அருள் இல்லாமல் எதுவும் நடக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இதை அதிசயம் என்று சொல்லிவிட்டால் அடுத்த கிழக் குதிரைக்கு யாரும் பலகை இழுத்துப் போட மாட்டார்கள். ஆகையால் யாரிடம் சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல், பலகையையும் சேர்த்து இப்படியே சொல்லுங்கள்.