கடைசி இருபது நிமிடம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்த இடத்தில் இருந்தாலும் மனசு அடுத்த இடத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கும். ரசம் சாப்பிடும்போது மோரைத் தேடுவேன். கல்யாண மண்டபத்தில் தாலி ஏறுவதற்குள் என் செருப்பு எந்த மூலையில் கிடக்கிறது என்று பார்த்து வைத்துவிடுவேன். ஆண்டு முழுக்க ஓரளவு அடங்கிக் கிடக்கும் இந்த வியாதி, டிசம்பரில் திருவனந்தபுரத்தில் திரைப்பட விழா தொடங்கியதும் முற்றிவிடும்.

நான் வேலை பார்ப்பது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். ஒவ்வொரு டிசம்பரிலும் முதுகுவலி என்று எழுதிக்கொடுத்து எட்டு நாள் விடுப்பு எடுப்பேன். என் மேலாளரும் அதே எட்டு நாள் ஏதோ ஒரு வலியோடு அதே விழாவில் வரிசையில் நிற்பார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை. அதுதான் ஒப்பந்தம்.

விழாவில் நாளுக்கு ஐந்து படம் பார்க்கலாம். ஆனால் தியேட்டர்கள் ஊரின் நாலு மூலையிலும் கிடக்கின்றன. ஒரு படத்தை முடியும்வரை பார்த்துவிட்டுக் கிளம்பினால் அடுத்த படத்துக்கு இடம் கிடைக்காது. தரையில் உட்கார வேண்டும், அல்லது கதவோடு சண்டை போட வேண்டும். ஆகவே படம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது நானும் என் மனைவியும் எழுந்துவிடுவோம். எங்களைப்போல நூறு பேர் உண்டு. அந்த நேரம் வந்ததும் இருட்டில் பைகளின் ஜிப் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்கும், மழைக்கு முந்தித் தவளைகள் ஆரம்பிப்பதுபோல.

சில ஆண்டுகளுக்கு முன்பு விழாவில் ஓர் அமெரிக்க இயக்குநரின் ஐந்து படங்களையும் ஒன்றாகப் போட்டார்கள். எந்தப் பெரிய கம்பெனியின் வாசலையும் மிதிக்காத மனிதர். ஆண்டில் பாதி நாள் வீடுகளுக்கு வெள்ளையடிப்பார், மீதி நாளில் படம் எடுப்பார். மைத்துனர்தான் கதாநாயகன், பக்கத்து வீட்டுக்காரிதான் கதாநாயகி. எடுத்த படத்தைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் திரையிடுவார். எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. ஐந்தையும் பார்த்தேன். எங்கள் தமிழ்த் திரைப்படச் சங்கத்தின் பத்திரிகையில் எட்டுப் பக்கம் எழுதினேன். சங்கத்தில் மொத்தம் இருபது பேர். அதில் பத்துப் பேர் படித்திருப்பார்கள். என்றாலும் இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஒரே மரியாதை அந்த எட்டுப் பக்கம்தான். அதன் உச்சியில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘இவர் கதைகளை முடிப்பதில்லை, மனிதர்களை நடுவழியில் விட்டுவிட்டு மரியாதையாக விலகிக்கொள்கிறார். இவருடைய உலகில் மரணமே இல்லை.’

மரியாதையாக விலகிக்கொண்டது நான் என்பது எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை. சத்தியமாக உறைக்கவில்லை.

போன டிசம்பரில் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். நாகர்கோவில்காரர், சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பேசும்போது பின்னணியில் எப்போதும் எவர்சில்வர் விழும்.

“வோய், ஒம்ம ஆளு இந்த வருசம் நேர்லயே வந்திருக்காரு. புதுப் படம். படம் முடிஞ்ச ஒடனே மேடையில அவருகூடப் பேசதுக்கு ஒம்ம பேரக் குடுத்தாச்சு.”

“நானா?”

“பின்ன? அவரப் பத்தி எட்டுப் பக்கம் எழுதினவன் இந்த ஊர்ல வேற எவன் இருக்கான்? எம் மவ அத அப்படியே இங்கிலீஷ்ல எழுதி அவரு ரூம்லயே கொண்டு குடுத்துட்டா. மனுசன் விடிய விடிய படிச்சாராம் வோய்!”

அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே முதுகு வலித்தது.

படம் பிற்பகல் மூன்று மணிக்கு. இயக்குநரைத் தம்பானூர் ஓட்டலிலிருந்து அழைத்து வரும் பொறுப்பும் எனக்கே வந்தது. அறுபதைத் தாண்டிய மனிதர். கை இன்னும் பெயிண்டர் கை, நகக்கண்ணில் வெள்ளை. ஆட்டோவில் ஏறியதும் சட்டைப் பையிலிருந்து என் எட்டுப் பக்கத்தை எடுத்தார். பென்சிலால் கோடு போட்டிருந்தார். என் கால் தானாக ஆட ஆரம்பித்தது.

“என் படத்தில் மரணமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்” என்றார் ஆங்கிலத்தில். “நான் இதுவரை நாலு பேரைக் கொன்றிருக்கிறேன்.”

ஆட்டோ மெதுவாயிற்று. ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

“சாரே, எந்தா கேஸு?”

“கேஸ் ஒண்ணுமில்ல சேட்டா, சினிமாவுல” என்றேன்.

“ஓ, டைரக்டரா! ஞானும் பெஸ்டிவலினு பாஸ் எடுத்திட்டுண்டு” என்று அவர் ஆட்டோவை மறுபடி விரட்டினார்.

இயக்குநர் விடவில்லை. முதல் படத்தில் அம்மா, இரண்டாவதில் தச்சன், நாலாவதில் இரட்டையரில் ஒருவன், ஐந்தாவதில் நாயோடு சேர்த்து அதன் எஜமானன். நாயைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றார். மூன்றாவதில் மட்டும் யாரும் சாகவில்லை, ஒரு கல்யாணம். “இவ்வளவும் உங்கள் கண்ணில் படவில்லையா? எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்?”

பிரதியில் வெட்டு விழுந்துவிட்டது, தணிக்கை, விழாக்காரர்கள் என்று மூன்று பொய் வாய்வரை வந்தன. மூன்றும் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்த்து வாசலில் சிக்கிக்கொண்டன. ஆகவே உண்மை வந்துவிட்டது. அடுத்த படத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும், அதனால் எந்தப் படத்திலும் கடைசி இருபது நிமிடம் நான் இருந்ததில்லை என்றேன்.

“ஐந்திலுமா?”

“நாலாவதில் கொஞ்சம் கூட இருந்தேன். ஆறு நிமிடம்தான் பாக்கி.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆட்டோவுக்கு ஜன்னல் கிடையாது என்பதால் வெளியே என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே பார்த்தபடியே, “அந்தப் படத்தில் நதி உறைவது கடைசி நாலு நிமிடத்தில்” என்றார். “முதல் குளிர்காலத்தில் உறையவில்லை. அடுத்த குளிர்காலம்வரை காத்திருந்தோம். நடுவில் பதினேழு வீட்டுக்கு வெள்ளையடித்தேன்.”

அவர் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அலுவலகத்தில் பழக்கம். அவர் தாள்களை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அந்த நதியை நான் ஒரு கஜகஸ்தான் படத்தின் மூன்றாவது வரிசை இருக்கைக்கு விற்றிருந்தேன். அந்தக் கஜகஸ்தான் படத்தின் முடிவையும் பார்க்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி மேடையில் அவர் என்ன சொல்வார்? ‘இவர் என் படங்களைப் பார்க்காமலே எழுதியவர்’ என்று ஒரு வரி போதும். செயலாளர், சங்கத்து இருபது பேர், எல்லாவற்றுக்கும் மேலாக மூன்றாவது வரிசையில் இடுப்புவலியோடு உட்கார்ந்திருக்கும் என் மேலாளர். என் எட்டுப் பக்கம் அன்றே வடை சுற்றப் போய்விடும்.

என்னை முதல் வரிசையில் நட்டநடுவில் உட்கார வைத்தார்கள். இயக்குநர் உட்காரவில்லை. தன் படம் ஓடும்போது தன்னால் உட்கார முடியாது என்று பின்பக்கக் கதவோரம் நின்றுகொண்டார்.

இறந்துபோன அப்பாவின் பழைய லாரியை விற்க ஒரு பெண் ஊர் ஊராக அலைகிறாள். அதுதான் படம். நல்ல படம். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆனபோது என் கைப்பேசி அதிர்ந்தது. மனைவி. மேடை விஷயம் தெரியாமல் ஊரின் மறுகோடித் தியேட்டரில் இருந்தாள். ‘பை போட்டு எடம் பிடிச்சாச்சு. பக்கத்துல ஒரு மாமா மொறைக்கறார். கெளம்புங்கோ.’ ஐந்து நிமிடத்தில் இன்னொன்று: ‘எங்கே இருக்கேள்?’ பின்னாலேயே இன்னொன்று: ‘மாமா பையைத் தூக்கிட்டார்!’

ஜிப் சத்தம் தொடங்கியது. ஒரு வரிசை எழுந்தது, அப்புறம் இன்னொன்று. என் உடம்பு பாதி எழுந்துவிட்டது. அது என்னைக் கேட்டு எழுவதில்லை. எந்த வழி கிட்டே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன்.

பின்கதவு திறந்திருந்தது. இயக்குநர் அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் கதவைத் திறந்துவிட்டு, சத்தம் வராமல் மெதுவாக மூடி, மறுபடி அடுத்தவருக்குத் திறந்தார். உள்ளே இருப்பவர்களுக்குத் தொந்தரவு வரக் கூடாது என்று. போனவர்களில் ஒருத்தர்கூட அவர் யார் என்று பார்க்கவில்லை. ஒருவர் போகிற போக்கில் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டதுபோல் இருந்தது. அதற்கும் கையைக் காட்டினார்.

நான் உட்கார்ந்தேன். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது, கடைசிவரை.

லாரி விற்கவில்லை. அவள் அதை வீட்டுக்கே ஓட்டிவந்து, முற்றத்தில் அது நின்று நின்று புல் முளைக்காமல் போன அதே சதுரத்தில் நிறுத்துகிறாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. சாவியில் கை. அணைக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் கடிகாரம் பார்க்காதது அன்றைக்கு ஒருநாள்தான். பிறகு அணைத்தாள். எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. டிசம்பர் ஜலதோஷம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேடை ஏறினோம். ஒலிவாங்கி என் கையில். அவர் சட்டைப் பையில் என் எட்டுப் பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. அவர் அதை எடுப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

“நண்பர்களே, இவருடைய ஆறு படத்திலும் நான் முடிவுவரை பார்த்த முதல் படம் இது.”

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. செயலாளர் தொடையில் தட்டிக்கொண்டார். என் மேலாளர், ஒப்பந்தத்தை மறந்து, என்னைப் பார்த்தே சிரித்தார். சங்கத்தில் இத்தனை ஆண்டு கோமாளித்தனம் செய்ததற்குக் கூலி இதுதான்: உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

“நிஜமாகச் சொல்கிறேன்” என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

இயக்குநர் தன் ஒலிவாங்கியை எடுத்தார். “அவர் சொல்வது உண்மை” என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார், பென்சில் கோடு போட்டவரின் சிரிப்பு.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அவள் எஞ்சினை எப்போது அணைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள்?

“சொல்லவில்லை. உனக்குத் தோன்றும்போது அணை என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை” என்றார்.

கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தபோது மனைவி கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அது இன்னும் ஆபத்து.

“நீங்க வரல்லே. அந்த மாமா உங்க எடத்துல ஒக்காந்துண்டார். செரி, ஆனது ஆச்சுன்னு அந்தக் குதிரைக்காரன் படத்தைக் கடைசி வரைக்கும் பாத்தேன். ஏன்னா, முடிவு என்ன அருமையாக்கும், கேட்டேளா!”

“சொல்லாதே” என்றேன். “நாளன்னைக்கு மறுபடி போடறா. நானே போய் முழுசா பாத்துக்கறேன்.”

“செரி, சொல்லல்லே” என்றாள்.

அரை நிமிடம் பொறுத்தாள். அவளுக்கும் அதே வியாதிதான்.

“அந்தக் குதிரை செத்துப்போறது” என்றாள்.