என் முதுகைப் பார்த்த பெண் வீட்டார்

கச்சேரியில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் நிற்பான். எண்பதுகளில் தர்மபுரிப் பக்கம் ஓடிய ஒரு மெல்லிசைக் குழுவில் அந்த ஆள் நான். கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, சென்னையில் பெரிய கூட்டமே சேர்ந்து வாசித்ததை எங்கள் பத்துப் பேருக்குப் பிரித்து எழுதுவேன். மேடையில் கையசைத்து நடத்துவதும் நானே. பாடகருக்குக் கைதட்டு, தபேலாக்காரருக்கு விசில். அறைக்குத் திரும்பினால் எனக்குப் பேச்சுத் துணை டேப்ரெக்கார்டர்தான்.

முப்பது தாண்டியும் பெண் அமையவில்லை. தரகர் அரூரில் ஒரு குடும்பத்தைச் சொன்னார். மாதா கோயிலில் ஒரு ஞாயிறு பூசையில் அந்தப் பெண்ணைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பக்கத்துக் குழந்தைக்குப் பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்து வரி காட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், மனசு அங்கேயே தங்கிவிட்டது.

வீட்டுக்கு அழைக்குமுன் பெண் வீட்டார் பையனைச் சத்தமில்லாமல் ஒரு பார்வை பார்த்துவிடுவார்கள். மாதா கோயில் திருவிழாக் கச்சேரிக்கு அவர்கள் வருவதாகத் தகவல் வந்தது. வாரம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். ஒரு சோகப் பாட்டின் இடையிசையை அப்படியே அக்கார்டியனுக்குக் கொடுத்தேன். அவளை நினைத்துத்தான் எழுதினேன், இதில் என்ன வெட்கம்.

அன்று திரும்பிப் பார்க்க எவ்வளவோ ஆசை. ஆனால் கிடார்காரர் புதுசு, என் கையைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார். எனக்கு எதிரே, கூட்டத்தைப் பார்த்தபடி அக்கார்டியன்காரர் நின்றிருந்தார்.

மறுவாரம் தரகர் வந்தார். முகமே சரியில்லை.

"நடுவுல நிக்கறவருதான் மாப்பிள்ளைன்னு சொல்லி வெச்சனுங்க. அவங்க அக்கார்டியன்காரரப் பாத்துட்டாங்க. அவரு வாசிச்சதுல பொண்ணுக்குப் புடிச்சுப்போச்சு. இப்ப மாத்திச் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. அவரும் நம்ம கோயில்காரருதானுங்களே."

அக்கார்டியன்காரர் நல்ல மனுஷன், என் சிநேகிதர். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அவர்மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்காததுதான் பெரிய எரிச்சல். நான் எழுதியதைக் கேட்டுத்தான் அவள் அவரைக் கேட்டாள் என்பதை யாரிடம் சொல்லி அழுவது?

கல்யாணக் கச்சேரியையும் நானே நடத்தினேன். மாப்பிள்ளை மணமேடையில் இருந்ததால் அவர் வாசிக்க வேண்டியதை வயலினுக்கு மாற்றி எழுதியிருந்தேன். முடிந்ததும் பெண்ணின் அப்பா குழுவை ஒவ்வொருவராகப் பந்திக்கு அழைத்துக்கொண்டே வந்தார். என் எதிரில் நின்று முகத்தைப் பார்த்தார்.

"நீங்க என்ன வாசிக்கிறீங்க தம்பி?"

"நான் ஒண்ணும் வாசிக்கறதில்லீங்க."

"அதனால என்னங்க, நீங்களும் வந்து சாப்புடுங்க" என்றார்.