லோதாவின் மாட்டுக்கொட்டகைப் பிரசங்கம்

முதலில் மடியை வெந்நீரில் கழுவித் துடைக்க வேண்டும். அப்புறம் காம்புகளில் கொழுப்புத் தடவ வேண்டும். அதற்கும் அப்புறம் பாஸ்டர் ரொமானை ஆணியில் மாட்ட வேண்டும். இந்த வரிசை தப்பினால் மலீனா என்கிற அந்தச் செவலைப் பசு பாலை மேலே இழுத்துக்கொண்டுவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் ஒரு சொட்டு இறங்காது.

லியோகாதியா, வீட்டில் லோதா, தன் கைப்பேசிக்குப் பழைய கம்பளிக் காலுறையை வெட்டித் தைத்து உறை போட்டிருக்கிறாள். உறையின் வாரை ஆணியில் கோத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். "ம், இப்பச் சொல்லு" என்கிறாள். ஆணியிலிருந்து ஒரு கரகரத்த ஆண்குரல் ரஷ்ய மொழியில் பொழியத் தொடங்குகிறது. வாளியில் முதல் பால் சுர்ரென்று விழுகிறது.

அதே ஆணியில் ஏற்கெனவே குடியிருப்பது ஒரு மூலிகைக் கட்டு. மாதா விண்ணேற்புத் திருநாளன்று கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வந்தது. மாசிப்பத்திரி, கோதுமைக் கதிர், காய்ந்துபோன ஏதோ மஞ்சள் பூ. பாஸ்டர் குரலை உயர்த்தும்போதெல்லாம் கைப்பேசி அதிரும். கட்டிலிருந்து ஓரிரண்டு இலை உதிர்ந்து மாட்டின் முதுகில் விழும்.

"மாதாவுக்குப் பிடிக்கல போல" என்பான் அவள் கணவன் காஸிமிர்.

"காய்ஞ்ச இலை உதிராம வேற என்ன பண்ணும்?" என்று அடக்கிவிடுவாள். அடக்கிய கையோடு அந்த இலைகளைப் பொறுக்கி மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். மந்திரித்ததை மாடு மிதித்துவிடக் கூடாது.

லியோகாதியாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. குளிர்காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தலைக்குட்டை கட்டுவாள். எத்தனை குட்டை மிச்சமிருக்கிறது என்று பார்த்து, வசந்தம் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். சூரியகாந்தி விதையைக் கடைவாயின் ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் தொலியைத் துப்புவாள். நடுவில் பேச்சு நிற்காது. கடவுளிடம் போலிஷ், கணவனிடமும் மாட்டிடமும் ரஷ்யன், கோபம் தலைக்கேறினால் கசாக். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை வீட்டில் எல்லோருக்கும் அப்பம் பகிரும்போது மாடுகளுக்கென்று வண்ண அப்பம் தனியாக வாங்கி வைத்திருப்பாள். "ஆண்டவர் பொறந்த அன்னிக்கு மாடுதானே பக்கத்துல நின்னுச்சு, நாமளா நின்னோம்?" என்பது அவள் கேள்வி.

போலிஷ் அவளுக்குச் செபம் மட்டும்தான். ஸ்டாலின் காலத்தில் உக்ரைன் பக்கத்துப் போலிஷ்காரர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றிவந்து, வடக்குக் கசகஸ்தானின் வெறும் புல்வெளியில் இறக்கிவிட்டதால் உண்டான ஊர் இது. சாமியார் இல்லை, கோயில் இல்லை, புத்தகம் இல்லை. ஜன்னலுக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு முணுமுணுத்த செபமாலை ஒன்றுதான் இருந்தது. அம்மா சொன்னதை அப்படியே நாக்கில் ஏற்றிக்கொண்டவள் லியோகாதியா. பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. "எனக்கு எதுக்குத் தெரியணும்? கேக்கறவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்பாள்.

போன இலையுதிர்காலம் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது மலீனாவுக்கு மடிநோய். கைப்பேசியில் கைவைத்தியம் தேடினாள். வைத்தியம் சொன்னவர் முடித்ததும் அடுத்தவராகத் தானாகவே வந்து நின்றார் பாஸ்டர் ரொமான். சைபீரியாவில் லாரி ஓட்டியவர், குடிகாரராக இருந்தவர், இப்போது லட்சக்கணக்கில் ஆட்கள் கேட்கிற புராட்டஸ்டன்ட் போதகர். இரண்டு கையிலும் கொழுப்பு இருந்ததால் அவளால் நிறுத்த முடியவில்லை. அன்று அவர் சொன்னது ரூத்தின் கதை. விதவை மாமியாரை விட்டுப் போகமாட்டேன் என்று கூடவே நடந்த மருமகள்.

"நம்ம வேதத்துல இப்படி ஒருத்தி இருந்திருக்கா, எனக்கு இத்தனை வருசமா ஒருத்தரும் சொல்லலியே!" என்று ஒரு வாரம் புலம்பினாள். அவளுடைய சொந்த மருமகள் இவள் மகனைக் கூட்டிக்கொண்டு போலந்துக்குக் குடிபெயர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கைப்பேசியில் முகம் காட்டுகிறவள். ரூத்தைக் கேட்டுக்கொண்டே கறந்ததில் அன்று வாளி நிரம்பியது. மாட்டுக்கும் பழகிப்போயிற்று.

ஆனால் அவளைக் கட்டிப்போட்டது ரூத் அல்ல, காஸிமிர்.

முதல் பனி விழுந்த வாரத்தில் ஒருநாள் கறவைக்கு நடுவே கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். வைக்கோல் கட்டின் மேல் காஸிமிர். கையில் வோட்கா பாட்டில். மூடி திறந்திருந்தது, பாட்டில் நிறைந்திருந்தது. அவன் ஒளித்துவைத்துக் குடிக்கிற இடம் அதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கொட்டகைக்குள்ளே பாஸ்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"லோதா, அந்தாளுக்கு யார் சொன்னது?"

"எதை?"

"வைக்கோலை. நான் லாரி டயருக்குள்ள ஒளிச்சு வைப்பேன், நீ எங்க வச்சிருக்க, வைக்கோலுக்குள்ளயான்னு கேக்கறான். என்னையே கேக்கறான்."

பாட்டிலை அப்படியே பனியில் கவிழ்த்தான். பனியில் சின்னதாக ஒரு குழி விழுந்தது. அன்றிலிருந்து அவன் தொடவில்லை. ஆனால் சாயங்காலம் தவறாமல் அதே வைக்கோல் கட்டில் வந்து உட்காருவான். உள்ளே வரமாட்டான். கோயிலுக்கும் ஈஸ்டரைத் தவிர வரமாட்டான். நகரத்தில் புராட்டஸ்டன்ட் ஜெபவீடு இருக்கிறது, அங்கேயும் போகமாட்டான். அவளிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அதை மட்டும் நிறுத்திடாத லோதா. நின்னா நானும் நிப்பேனான்னு எனக்குத் தெரியல."

இங்கேதான் அவளுக்குக் குழப்பம் தொடங்கியது. ஊரில் செபமாலைக்கு 'ரோஜா' என்று ஓர் ஏற்பாடு உண்டு. இருபது பேர் சேர்ந்தது ஒரு ரோஜா. ஆளுக்கொரு மறையுண்மை, அதாவது ஆண்டவர், மாதா வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சி, சீட்டில் வரும். மாதம் முழுக்க தினமும் அதற்கான பத்துச் செபமாலை மணியை அவரவர் வீட்டில் சொல்லிவிட வேண்டும். இருபதும் கூடினால் முழு மாலை. ஒருவர் விட்டாலும் மாலை அறுந்தது என்று கணக்கு. விட்டது யாருக்கும் தெரியாது; விட்டவருக்கு மட்டும் தெரியும். ஜன்னலுக்குக் கம்பளி போர்த்திய காலத்திலிருந்து அறுந்ததே இல்லை என்பது ஊரின் பெருமை. ரோஜாவுக்கு இப்போது தலைவி லியோகாதியா.

அந்தப் பத்து மணியில்தான் அவள் வருடக்கணக்காகக் காஸிமிரின் குடியை மாதாவிடம் முறையிட்டு வந்திருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. லாரிக்காரர் ஒருவர் வந்தார். ஒரே சாயங்காலத்தில் நடந்தது. அப்படியானால் நிறுத்தியது யார்? அவரா? அவரைக் கைப்பேசிக்குள் அனுப்பியதே மாதாதானோ? சரி, மாதா அனுப்பியவர் மாதாவைப் பற்றி ஏன் அப்படிப் பேசினார்?

அப்படித்தான் பேசிவிட்டார், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத் தொடக்கத்தில். "மரியாள் நல்ல பொண்ணு. நானும் மதிக்கிறேன். ஆனா நீங்க பேசறது அவங்க காதுல விழாது. சொன்னதையே சொல்லிச் சொல்லி மணி உருட்டாதீங்க. நேரா ஆண்டவர்கிட்டயே பேசுங்க. கேக்குதா, மக்களே?" ஒவ்வொரு பிரசங்கத்திலும் நூறு தடவை வருவது அந்தக் 'கேக்குதா, மக்களே?'

சுவருக்கு அந்தப் பக்கம் காஸிமிர் "ஆமென்" என்றான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

அன்று செபமாலையைக் கையில் எடுத்தபோது 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. காதில் விழுமா, விழாதா? மறுநாளும் நின்றது. அந்த மாதம் அவள் சீட்டில் இருந்தது கானாவூர்க் கல்யாணம்.

"கல்யாண வீட்டுல திராட்சை ரசம் தீர்ந்துபோச்சுன்னு மகன்கிட்ட சொல்லி வாங்கிக் கொடுத்தவங்க" என்றான் காஸிமிர் சீட்டைப் பார்த்து. "என் குடியை நிறுத்தச் சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்க."

"வாயை மூடு காஜிக். சிரிப்பு வரல எனக்கு."

பால் வாங்க வருகிற கசாக்கியப் பெண் ஸௌலேயிடம் ஒருநாள் இந்தக் குழப்பத்தைச் சொல்லிக் கேட்டும் பார்த்தாள். லியோகாதியாவை மூத்தவள் என்று 'அபா' போட்டுக் கூப்பிடுகிற ஸௌலே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அபா, எங்க மாமியாரும் நம்ம ஊரு முல்லாவை விட்டுட்டு போன்ல யாரோ ஒருத்தரைக் கேக்குது. கேட்டுட்டு வந்து நான் டீ ஊத்தற முறையே தப்புங்குது. எங்க வீட்டுலயும் இதே சண்டைதான்." கேனை மூடியவள், வாசல் வரை போய்த் திரும்பினாள். "ஆனா உங்க வீட்டுக்காரர் இப்ப நேரா நடக்கறாரு அபா. அது பாக்க நல்லா இருக்கு."

மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது. பூசை முடிந்து கோயிலை ஒட்டிய அறையில் ரோஜா கூடிற்று. மேசைமேல் தேநீரும் கசகசா ரொட்டியும். நாலு ஊருக்கு ஒரே சாமியாரான இளைஞர் மாரெக் ஃபாதர், போலந்திலிருந்து வந்தவர், அடுப்போரம் கை காய்ச்சிக்கொண்டு நின்றார். சீட்டு மாற்றும் முன் தலைவி ஒரு பத்து மணி சொல்லிக்கொடுக்க வேண்டும். கூட்டத்தோடு சொல்லும்போது நாக்கு நிற்கவில்லை. பழக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. கடைசி 'ஆமென்' வந்தது. அந்த நிம்மதியில், தன்னை அறியாமல், அதே கரகரப்போடு, அதே இழுப்போடு அவள் வாயிலிருந்து வந்து விழுந்தது:

"கேக்குதா, மக்களே?"

ரோஜாவில் ஒருத்தியான ஜெனோவெஃபா தேநீர்க் கோப்பைக்குள் புரையேறிச் சிரித்தாள்.

"இது அந்த லாரிக்காரன் பேச்சு!" என்று எழுந்தாள் ஹெர்தா. ஜெர்மன் வம்சம், ரோஜாவிலேயே கறாரான ஆள். "மாதா மணியில சபைக்கு ஆகாத பதிதன் பேச்சு! ஜெனோவெஃபா, நீ ஏன் சிரிக்கற? உனக்கு எப்படித் தெரியும்?"

"மாவு பிசையும்போது கேப்பேன். பாட்டு நல்லா இருக்கு. அது சரி, அவரு லாரி ஓட்டினது உனக்கு எப்படித் தெரியும் ஹெர்தா?"

"எதிராளி என்ன பேசறான்னு தெரிஞ்சு வச்சுக்க வேணாமா?" என்று சொல்லிவிட்டு ஹெர்தா ஃபாதர் பக்கம் திரும்பினாள். "ஃபாதர், கேக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஃபாதரிடம் ஒரே வார்த்தை இல்லை. அவர் கையைத் தேய்த்தார். "அவர் வேதத்தை நல்லாச் சொல்றாரு. அதுல நான் பொறாமைகூடப் படறேன். ஆனா நற்கருணையைப் பத்தியும் மாதாவைப் பத்தியும் அவர் சொல்றது நம்ம விசுவாசம் இல்ல. நம்ம ஊரு உப்புக் கிணறு மாதிரின்னு வைங்களேன். நாம டீ போட ஆகாது, மாட்டுக்குக் காட்டலாம்."

"மாட்டுக்குத்தான் ஃபாதர் போடறேன்" என்றாள் லியோகாதியா.

எல்லோரும் சிரித்தார்கள். ஃபாதரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ரொட்டி எடுக்கிற சாக்கில் அடுப்போரம் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "ஃபாதர், என் வீட்டுக்காரரு குடியை நிறுத்தினது யாரு? நான் மாதாகிட்ட கேட்டதா, அந்தாளு பேசினதா?"

ஃபாதர் அடுப்புக் கதவைச் சாத்தினார். "எனக்குத் தெரியல அம்மா."

"தெரியலன்னா எப்படி ஃபாதர்? நீங்க படிச்சவங்க."

"படிச்சதுல இது இல்லம்மா."

சீட்டு மாற்ற ஆரம்பித்தார்கள். ஆளாளுக்குத் தன் சீட்டைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். லியோகாதியாவின் கானாவூர்க் கல்யாணம் ஹெர்தாவுக்குப் போக வேண்டியது. ஹெர்தா கையை நீட்டிக்கொண்டிருந்தாள். லியோகாதியா சீட்டை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"இது என்கிட்டயே இருக்கட்டும் ஹெர்தா. இதை நான் முடிக்கல. பல நாள் சொல்லல."

அவளுடைய அம்மா காலத்திலிருந்து அறுந்திராத மாலையைத் தலைவியே அறுத்துவிட்டதாகச் சொல்கிறாள். அவள் கொடுக்காவிட்டால் ஹெர்தா கொடுக்க முடியாது, ஹெர்தா கொடுக்காவிட்டால் அடுத்தவள் கொடுக்க முடியாது. அறை முழுக்கச் சீட்டுகள் அந்தரத்தில் நின்றன. ஹெர்தா நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். ஏதோ கடுமையாகச் சொல்லப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"அப்போ என்னோடதும் என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் ஹெர்தா. "எனக்கும் இது கையில பழகிப்போச்சு. எல்லாரும் இன்னொரு மாசம் பழசையே சொல்லுங்க. டீ ஆறுது, குடிங்க."

அன்று சாயங்காலம் லியோகாதியா மடியைக் கழுவினாள். கொழுப்புத் தடவினாள். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மலீனா திரும்பிப் பார்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வைக்கோல் சரசரத்தது.

"லோதா?" காஸிமிரின் குரல். "இன்னிக்கு இல்லியா?"

அந்தக் குரலில் இருந்த நடுக்கம் அவளுக்குப் புதிதல்ல. பாட்டில் காலியான நாட்களில் கேட்டது. அவள் பாஸ்டரை ஆணியில் மாட்டினாள். குரல் பொழிந்தது. முக்காலியில் உட்கார்ந்தாள், கை வைத்தாள், எடுத்தாள். திரும்ப எழுந்து போய், காலுறை உறையோடு கைப்பேசியைப் பிடித்து, ஒலி வருகிற பக்கம் பலகை இடுக்கைப் பார்க்கும்படி சுவரோடு சுவராகத் திருப்பி வைத்தாள். இந்தப் பக்கம் குரல் மங்கி, வெறும் இரைச்சலாயிற்று.

"இப்ப நல்லாக் கேக்குது லோதா!"

அவள் குனிந்தாள். உதிர்ந்து கிடந்த இலையொன்றைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். மலீனாவின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்து, கண்ணை மூடி, ஒரு பீச்சலுக்கு ஒரு வார்த்தையாக, போலிஷில் உதட்டை அசைக்கத் தொடங்கினாள்.